கடலைப் பார்த்து நிற்கும் நகரம்: சென்னையைத் தரையிலிருந்தும் வானிலிருந்தும் படமெடுப்பது

நியூயார்க், ஹாங்காங், சிங்கப்பூர் என்று எந்தப் பெருநகரத்தின் ஸ்கைலைன் படத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் கீழ்ப்பாதியில் பெரும்பாலும் தண்ணீர் இருக்கும். புரூக்ளின் கரையில் நின்றால் ஈஸ்ட் ஆற்றுக்கு அப்பால் மன்ஹாட்டன் தெரிகிறது. கவுலூன் கரையில் நின்றால் விக்டோரியா துறைமுகத்துக்கு அப்பால் ஹாங்காங் தீவு தெரிகிறது. கட்டடங்களின் உச்சிகள் வானத்தில் வரையும் அந்தக் கோட்டை, அதாவது வான்கோட்டை, ஒரே பார்வையில் பிடிக்க வேண்டுமானால் நகரத்தை விட்டு விலகி, அதற்கு எதிரே, நடுவில் எதுவும் மறைக்காத ஓர் இடத்தில் நிற்க வேண்டும். சென்னைக்கு அப்படி ஓர் எதிர்க்கரை இல்லை. கிழக்கே இருப்பது வங்கக் கடல். அதன் மறுகரை அந்தமானையும் தாண்டிக் கிடக்கிறது. மற்ற மூன்று திசைகளிலும் நிலம் தட்டையாகப் பரந்திருக்கிறது. இந்த நகரத்தின் படங்கள் சென்ட்ரல், ரிப்பன் மாளிகை, எல்.ஐ.சி., கலங்கரை விளக்கம் என்று தனித்தனிக் கட்டடங்களின் படங்களாகவே நம் நினைவில் நிற்பதற்குக் காரணம் இதுதான். கேமராவைப் பற்றிப் பேசுவதற்கு முன் நிற்கும் இடத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

சென்னை ஒரு காலத்தில் முழு வான்கோட்டோடு பார்க்கப்பட்ட நகரம்தான். பார்த்தவர்கள் கப்பலில் இருந்தார்கள். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், மதராசுக்கு வந்த கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டன; பயணிகளும் சரக்கும் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகுகளில் அலைகளைத் தாண்டிக் கரை சேர வேண்டியிருந்தது. கோட்டையும் அதை அடுத்த வெள்ளைத் தூண் வரிசைக் கட்டடங்களும் கடலைப் பார்த்து நின்றன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவருடைய உறவினர் வில்லியம் டேனியலும் புனித ஜார்ஜ் கோட்டையைத் தென்கிழக்கிலிருந்து, அலைகளும் படகுகளும் முன்னால் இருக்கும்படி வரைந்த காட்சி அந்தப் பார்வையின் பதிவு. கலங்கரை விளக்கத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. அது முதலில் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல் இருந்தது. பிறகு உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு தனித்தூணாக எழுந்தது. 1894இல் உயர் நீதிமன்றத்தின் மிக உயரமான கோபுர உச்சிக்கே ஏறியது. 1977இல் மெரினாவின் தென்முனையில் இன்றுள்ள சிவப்பு வெள்ளைக் கோபுரத்துக்கு வந்தது. கடலிலிருந்து வருபவன் நிமிர்ந்து பார்த்ததும் ஊரை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகவே அமைந்த உயரங்கள் இவை. ரயிலும் விமானமும் வந்தபின் ஊருக்குள் நுழையும் வழி மாறிவிட்டது. கடலைப் பார்த்த முகம் அப்படியே இருக்கிறது. இன்று அதை நேர் எதிரே நின்று நாள்தோறும் பார்ப்பவர்கள் காசிமேட்டிலும் நொச்சிக்குப்பத்திலும் இருந்து கடலுக்குப் போய்த் திரும்பும் மீனவர்கள் மட்டுமே.

படகு ஏறாமலே அந்த முகத்தைப் படமெடுக்க ஒரு வழி உண்டு. அதை நமக்குத் தந்தது துறைமுகம். இந்தக் கடற்கரையில் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1870களில் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியதும் அந்த மணல் அவற்றின் தென்புறத்தில் தேங்கியது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட, தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. இன்று நடைபாதையிலிருந்து ஈரமணலை அடைய பல இடங்களில் முந்நூறு மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். ஐஸ்கிரீம் உருகும் வெயிலில் இந்த நடையைச் சபிக்காதவர் இல்லை. ஆனால் படமெடுப்பவருக்கு இந்தத் தூரம் விலைமதிப்பற்றது. நகரத்தின் வேறு எந்தத் தெருவிலும் ஒரு கட்டடத்திலிருந்து முந்நூறு மீட்டர் தடையின்றிப் பின்வாங்க முடியாது.

தூரத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கும். எல்.ஐ.சி. கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். 1959இல் திறக்கப்பட்டபோது நாட்டின் மிக உயரமான கட்டடமாக இருந்த அதன் உயரம் ஏறத்தாழ 54 மீட்டர். முழு பிரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. பிலிம் அளவு உணரி கொண்டது) 24 மி.மீ. வைடு ஆங்கிள் லென்ஸைப் போட்டுக் கேமராவைக் கிடைமட்டமாக, சாய்க்காமல் பிடித்தால், படத்தின் மேற்பாதியில் மட்டுமே கட்டடம் ஏறும். உச்சி வெட்டுப்படாமல் இருக்க நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்க வேண்டும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினாலும் எழுபது மீட்டர் தேவை. அண்ணா சாலையில் அவ்வளவு தூரம் கிடைப்பது கடினம். கிடைத்தாலும் நடுவில் பேருந்துகளும் மெட்ரோ நிலைய நுழைவாயிலும் மின்கம்பங்களும் வந்து நிற்கும். ஆகவே கேமராவை மேல்நோக்கிச் சாய்க்கிறோம். சாய்த்த உடனே, இணையாக இருக்க வேண்டிய செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கி, கட்டடம் பின்னால் சரிந்து விழுவதுபோல் தோன்றுகிறது. இதைத் தவிர்க்கத்தான் கட்டடக்கலைப் புகைப்படக்காரர்கள் ஷிஃப்ட் லென்ஸைப் பயன்படுத்துகிறார்கள். அந்த லென்ஸ், கேமராவை அசைக்காமலே காட்சியை மேலே நகர்த்தித் தரும். கணினியிலும் இந்தச் சரிவை நிமிர்த்தலாம். அப்போது படத்தின் ஓரங்களை இழக்க நேரிடும்.

மெரினாவில் இந்தச் சிக்கல் இல்லை. ஏறத்தாழ 46 மீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கத்திலிருந்து 400 மீட்டர் தள்ளி நின்றால், குறுகிய கோணத்தை மட்டும் பிடிக்கும் 200 மி.மீ. டெலி லென்ஸில் அது படத்தின் உயரத்தை ஏறக்குறைய நிரப்பிவிடும். கேமராவைச் சற்றுதான் உயர்த்த வேண்டியிருக்கும், கோடுகளும் நேராகவே நிற்கும். இன்னொரு லாபமும் உண்டு. அருகில் நின்று எடுத்தால் முன்னால் நிற்கும் சுண்டல் வண்டி பெரிதாகவும் பின்னாலிருக்கும் சென்னைப் பல்கலைக்கழக செனட் இல்லம் சிறிதாகவும் வரும். தூரம் கூடக் கூட இரண்டின் அளவுகளும் உண்மையான விகிதத்தை நெருங்கும். டெலி லென்ஸ் தொலைவை அருகில் இழுக்கிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில் விகிதத்தைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் தூரம்தான். லென்ஸ் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தருகிறது, அவ்வளவே.

நேரத்தைப் பொறுத்தவரை விடியற்காலையே சிறந்தது. அங்கே நாள்தோறும் ஒரே காட்சி அரங்கேறுகிறது. இருட்டு விலகும் முன்பே நூறு பேர் கடலைப் பார்த்து நிற்கிறார்கள்; சூரியனின் விளிம்பு தெரிந்ததும் அத்தனை செல்போன்களும் கிழக்கே நீள்கின்றன. அந்த நிமிடத்தில் ஈரமணலில் நின்றுகொண்டு அலைக்கு முதுகைக் காட்டித் திரும்ப வேண்டும். முதல் ஒளி கலங்கரை விளக்கத்தின் உச்சியில் விழுகிறது. சற்று நேரத்தில் செனட் இல்லத்தின் குமிழ்க் கோபுரங்கள் செம்மஞ்சளாகின்றன. ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1870களில் எழுந்த அந்தக் கட்டடமும், மாநிலக் கல்லூரியும், ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்துவைத்த விவேகானந்தர் இல்லமும் கிழக்கு நோக்கியவை. கால் மணி நேரத்துக்கு மேல் அந்த நிறம் நிற்பதில்லை. அதற்குள் ட்ரைபாடின் கால்கள் ஒவ்வோர் அலைக்கும் ஒரு விரற்கடை மணலில் இறங்கிவிடும். அடிக்கடி மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். உப்புத்துளி லென்ஸில் மெல்லிய படலமாகப் படியும். அதைத் துணியால் உடனே துடைத்தால் துணியில் ஒட்டிய மணல் கண்ணாடியைக் கீறிவிடும், ஆகவே முதலில் காற்றூதியால் ஊதிவிட வேண்டும். இதை ஒரு லென்ஸைக் கீறிய பிறகுதான் நான் கற்றுக்கொண்டேன்.

மாலையில் நிலைமை தலைகீழ். சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்குவதால் அவற்றின் முகங்கள் இருண்டு, உருவக்கோடு மட்டுமே எஞ்சும். வான்கோட்டைக் கோடாகவே காட்ட விரும்புபவருக்கு அந்த நேரம் பொருத்தமானது. கட்டடத்தின் நுணுக்கங்களைக் காட்ட விரும்புபவருக்கு ஏமாற்றம்தான்.

சூரியனின் திசை ஆண்டுக்குள் எப்படி மாறுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. சூரியன் உதிக்கும் இடம் ஜூனில் நேர்க்கிழக்கிலிருந்து வடக்கே 24 பாகை வரையும் டிசம்பரில் தெற்கே 24 பாகை வரையும் நகர்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு மேல் சற்றே வடக்காகக் கடந்து செல்கிறது. இதன் விளைவு ரிப்பன் மாளிகையில் கண்கூடாகத் தெரியும். 1913இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த வெள்ளை மாளிகையும் பக்கத்திலிருக்கும் சென்ட்ரல் நிலையமும் தெற்கு நோக்கியவை. மே, ஜூன் மாதங்களில் நண்பகலில் அவற்றின் முகப்பு தன் நிழலிலேயே நிற்கும். பின்னாலிருக்கும் வானம் வெளுத்துப்போகும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே தாழ்ந்து செல்வதால் நாள் முழுவதும் முகப்பில் வெளிச்சம் சாய்வாக விழுந்து, தூண்களும் வளைவுகளும் தனித்தனியே எழுந்து தெரியும். வடகிழக்குப் பருவமழை காற்றிலுள்ள தூசியைக் கழுவிவிட்டுப் போன நாட்களும் அவைதான். சென்னையின் கட்டடங்களைப் படமெடுக்க ஆண்டில் ஒரே மாதத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மழை ஓய்ந்த டிசம்பரையே சொல்வேன்.

இனி உயரத்துக்கு வருவோம். ஒரு பெருநகரம் இவ்வளவு காலம் ஏன் தாழ்வாகவே இருந்தது என்ற கேள்விக்குப் பல விடைகள் உண்டு. அவற்றில் இரண்டு படமெடுப்பவரை நேரடியாகத் தொடுபவை. கடலோரத்தில் 1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தியது. நகரத்தின் தென்மேற்கில் விமான நிலையம் இருப்பதால், விமானங்கள் இறங்கும், ஏறும் பாதைகளில் கட்டடங்களின் உயரத்துக்கு வரம்பு இருக்கிறது. நூறு மீட்டரைத் தாண்டிய அடுக்குமாடிகள் பழைய மகாபலிபுரம் சாலையின் எகாட்டூர்ப் பக்கத்திலும் வடக்கே பெரம்பூர்ப் பக்கத்திலும் எழுந்திருக்கின்றன. பழைய நகரத்தின் நடுவில் அவ்வளவு உயரம் அரிது. புதிய உயரங்கள் ஒன்றுக்கொன்று பல கிலோமீட்டர் விலகிச் சிதறிக் கிடப்பதால், அவை ஒரு கோடாகச் சேர்வதில்லை.

உயரத்துக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். இங்கே பலரும் கவனிக்காத ஒரு வடிவியல் உண்மை குறுக்கே வருகிறது. அடிவானம் எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில்தான் இருக்கும். கேமராவைவிட உயரமான பொருள் மட்டுமே அடிவானத்தைத் தாண்டி வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எல்.ஐ.சி.யின் உச்சிக்கு மேல் கேமரா போன கணத்தில் அந்தக் கட்டடம் வானத்தை விட்டு இறங்கி, பின்னாலிருக்கும் கூரைகளோடு கலந்துவிடும். வான்கோடு என்பது கீழிருந்து பார்ப்பவருக்கு மட்டுமே உரியது. மேலே போகப் போக நகரம் தன் வான்கோட்டை இழந்து வரைபடமாகிறது. தரைப்படத்தையும் வான்படத்தையும் ஒரே காட்சியின் இரு தரங்களாக ஒப்பிடுவது தவறு என்று நான் கருதுவது இதனால்தான். அவை காட்டுபவை வேறு வேறு.

இரண்டுக்கும் நடுவே உள்ள உயரங்கள் சென்னையில் சில உண்டு. பல ஆண்டுகள் மூடியிருந்து 2013இல் மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட கலங்கரை விளக்கத்தின் பார்வை மாடத்துக்கு மின்தூக்கியிலேயே போகலாம். அங்கிருந்து மணல், சாலை, ஊர் மூன்றும் இணையான பட்டைகளாகத் தெரியும். பரங்கிமலை ஏறத்தாழ முந்நூறு அடி உயரம். போர்ச்சுகீசியர் காலத் தேவாலயத்தின் முற்றத்திலிருந்து வடகிழக்கே பார்த்தால், ஊர் என்று நாம் நினைத்ததில் பாதி மரங்கள் என்பது தெரியவரும். இவற்றைவிட எளியது மொட்டைமாடி. மூன்றாவது மாடி உயரத்தில் மரக்கிளைகளும் மின்கம்பிகளும் கீழே போய்விடும். கோயில் கோபுரம் இன்னும் வானத்திலேயே நிற்கும். மயிலாப்பூர் மாட வீதிகளில் கோபுரத்தையும் தெருவையும் ஒன்றாகப் பிடிக்க இதைவிடப் பொருத்தமான உயரம் இல்லை.

வானிலிருந்து நகரத்தைப் படமெடுக்கும் ஆசை புகைப்படக்கலையின் இளமையிலேயே தொடங்கிவிட்டது. 1858இல் பிரான்சில் நாடார் என்ற புகைப்படக்காரர் பலூனில் ஏறி எடுத்த படம் இன்று இல்லை. 1860இல் ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பாஸ்டன் நகரத்தின் மேல் பலூனிலிருந்து எடுத்த படமே இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய வான்படம். 1906இல் சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தால் அழிந்தபின், ஜார்ஜ் லாரன்ஸ் வரிசையாகக் கட்டிய பட்டங்களில் ஒரு பெரிய கேமராவைத் தொங்கவிட்டு, இடிந்த நகரம் முழுவதையும் ஒரே படத்தில் பிடித்தார். பட்டம் செய்த வேலையை இன்று ட்ரோன் செய்கிறது.

இந்தியாவில் ட்ரோன் பறக்கவிடுவதை 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகள் நெறிப்படுத்துகின்றன. வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சைப் பகுதியில் 120 மீட்டர் உயரம் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் பச்சையின் உயரம் 60 மீட்டராகக் குறைகிறது. 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே மஞ்சள். மீனம்பாக்கத்தை மையமாக வைத்து இந்த வளையங்களை வரைந்தால் தென்சென்னையும் மத்திய சென்னையின் பெரும்பகுதியும் அவற்றுக்குள் அடங்கிவிடும். தலைமைச் செயலகம் இயங்கும் கோட்டை, கடற்படைத் தளம், துறைமுகம், பரங்கிமலை ராணுவப் பயிற்சி மையம், தாம்பரம் விமானப்படைத் தளம் ஆகியவையும் சேர்ந்தால், மெரினா கண்ணுக்குத் திறந்திருக்கும் அளவுக்கு ட்ரோனுக்குத் திறந்திருக்கவில்லை என்பது புரியும். முக்கியத் தலைவர்கள் வரும் நாட்களில் மாநகரக் காவல்துறையின் தற்காலிகத் தடைகளும் உண்டு. அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வான்வெளி வரைபடத்தை ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுக் கிளம்புவதே முறை. நேற்றைய பச்சை இன்றும் பச்சையாக இருக்கும் என்று நம்பக் கூடாது. 60 மீட்டர் என்பது எல்.ஐ.சி.யின் உச்சியைவிட ஆறு மீட்டர்தான் அதிகம் என்பதையும் நினைவில் வைக்கலாம்: அந்த வளையத்தில் அனுமதியின்றி எட்டக்கூடிய வானம், ஏறத்தாழ ஒரு 1959ஆம் ஆண்டுக் கட்டடத்தின் உயரம்.

அப்படியானால் வான்படம் எதற்கு? தரையில் நின்றால் ஒருபோதும் தெரியாத திட்டத்தைக் காட்டுவதற்கு. கபாலீசுவரர் கோயிலைக் கீழிருந்து பார்த்தால் கிழக்குக் கோபுரம் மட்டுமே நம்மை ஆட்கொள்கிறது. மேலிருந்து பார்த்தால் கோபுரம் சுருங்கி, மேற்கே அதைவிடப் பெரிய குளமும், இரண்டையும் சுற்றிய நான்கு மாட வீதிகளும் எழுந்து வருகின்றன. பங்குனியில் அறுபத்துமூவர் விழா நாளன்று அந்த வீதிகள் தலைகளாலேயே வரையப்பட்ட செவ்வகமாகிவிடும். கூவமும் அடையாறும் கடலைச் சேருமிடத்தில் மணல்திட்டு எப்படி வாயை அடைக்கிறது என்பதும் மேலிருந்துதான் விளங்கும். வெள்ளத்தின் பரப்பும் அப்படியே. அதே நேரத்தில் வான்படத்தின் எல்லையை 2015 டிசம்பர் நமக்குக் காட்டியது. பிரதமர் வானிலிருந்து சென்னை வெள்ளத்தைப் பார்வையிடும் படத்தில், சாளரத்துக்கு வெளியே மங்கலாகத் தெரிந்த காட்சிக்குப் பதிலாக வீடுகள் தெளிவாகத் தெரியும் வேறொரு காட்சி ஒட்டப்பட்டு வெளியானது. கண்டனம் எழுந்ததும் மத்திய அரசின் செய்தித் தகவல் அலுவலகம் அதை நீக்கியது. உயரத்திலிருந்து பரப்பு தெரியும். இடுப்பளவு நீரில் நிற்பவரின் முகம் தெரியாது. அதற்குத் தரையில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

சட்டம் சொல்லாத ஓர் எல்லையும் இருக்கிறது. மொட்டைமாடி என்பது நம் ஊரில் வீட்டின் உள்ளறைக்குச் சமம். வடாம் காயவைப்பதும் தலை உலர்த்துவதும் துணி மடிப்பதும் அங்கேதான் நடக்கின்றன. கட்டடங்களைப் படமெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கட்டடத்தின் தெருமுகத்தைப் படமெடுப்பதும் அதன் மாடியில் இருப்பவரைத் தலைக்கு மேலிருந்து படமெடுப்பதும் ஒன்றாகிவிடாது. ட்ரோனைத் தெருவுக்கு மேலோ நீருக்கு மேலோ வைத்துக்கொண்டு, ஆள் தெரிந்தால் கேமராவைத் திருப்பிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

உரிமமும் ட்ரோனும் இல்லாதவருக்கும் ஒரு வான்காட்சி கிடைக்கிறது, அதற்குத் தேவை ஒரு ஜன்னல் இருக்கை. பாதுகாப்புப் படைகளுக்குச் சொந்தமான விமான நிலையங்களில் படமெடுக்கத் தடை உண்டு; மீனம்பாக்கம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. காற்று மேற்கிலிருந்து வீசும் காலங்களில் விமானங்கள் கடலிலிருந்து வந்து, அடையாறு முகத்துவாரத்துக்கு வடக்கே கரையைக் கடந்து, மேற்கு நோக்கி இறங்குகின்றன. கரையைத் தாண்டும்போது உயரம் ஏறத்தாழ 1,800 அடி. வலப்பக்கத்தில், இறக்கைக்கு முன்னால் அமர வேண்டும். லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகே, ஆனால் அதிர்வு ஏறாதபடி தொடாமல் பிடிக்க வேண்டும். கறுப்புத் துணியால் உட்புற வெளிச்சத்தை மறைத்தால் பிரதிபலிப்பு போய்விடும். காலை விமானமாக இருந்தால் ஒளி கடலிலிருந்து ஊரின் மேல் விழுந்துகொண்டிருக்கும். முதலில் வடக்கே துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் கை நீட்டி நிற்பது தெரியும். அவற்றுக்கு அப்பால் கரையோரம் முழுவதும் கருங்கல் குவியல். இப்பால், தெற்கு நோக்கி நீளும் அகன்ற மணல். அதன் விளிம்பில் செனட் இல்லம், மாநிலக் கல்லூரி, கலங்கரை விளக்கம் எல்லாம் தீப்பெட்டி அளவில் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு எதிரே, மணல் முடிந்து நீர் தொடங்கும் இடத்தில், விடியற்காலையில் ட்ரைபாடை ஊன்றி நின்ற அந்த ஈரக்கோடும் வெள்ளை நுரையாக ஒரு கணம் தெரிந்து, இறக்கைக்குக் கீழே மறையும்.